புது கிளஸ்டர் வந்திறங்கியிருக்கிறது, மாணவர்களுக்குத் திறக்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பரங்குன்றத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ரொம்ப காலமாகக் கேட்டுக் கேட்டு இப்போதுதான் ஆராய்ச்சிக்கென்றே ஒரு கிளஸ்டர், அதாவது பல கணினிகளை இணைத்து ஒன்றாக ஓட்டும் அமைப்பு, வந்திருக்கிறது: கம்ப்யூட் நோடு (கணக்குப் போடும் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு) 16, ஜிபியூ நோடு 2, தனியாக ஸ்டோரேஜ், எல்லாவற்றையும் இணைக்க இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக வலையமைப்பு. பெரிய மையங்களுக்கு முன்னால் இது சின்னதுதான், ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். இதுவரை சிலர் திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிற பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்கு வாங்கி ஓட்டினார்கள், மற்றவர்கள் துறையில் கிடக்கும் ஒரே ஒர்க்ஸ்டேஷனை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நிறுவ வந்தவர்கள் லின்பேக் என்ற வேகச் சோதனையை ஓட்டிக் காட்டிவிட்டார்கள், சொன்ன எண் வந்துவிட்டது, ஏற்புச் சான்றில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். நிர்வாகம் அடுத்த மாதமே திறப்பு விழா என்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. வேதியியலில் மூலக்கூறு மாடல் ஓட்டுகிறவர்கள், சிவிலில் வைகை வடிநிலத்துக்கு மழை மாடல் போடுகிறவர்கள், பயோடெக்கில் மரபணுத் தொகுப்பு செய்கிறவர்கள் எல்லோரும் காத்திருக்கிறார்கள். எதையெல்லாம் பார்த்த பிறகு இதை அவர்கள் கையில் கொடுக்கலாம்?


பழைய ரேக்:

கையெழுத்தை நிறுத்திவையுங்கள் தம்பி. முதலில் டெண்டரில் ஏற்புச் சோதனை என்று என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். வெறும் லின்பேக் எண் மட்டும் இருந்தால்கூட, நிலையாக ஓட வேண்டும் என்ற வாசகம் எங்காவது இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளலாம். பாக்கித் தொகை உங்கள் கையில் இருக்கும்வரைதான் போன் போட்டால் உடனே எடுப்பார்கள்.

லின்பேக் மோசமான சோதனை என்று சொல்லவில்லை. ஒரு பெரிய அணிச் சமன்பாட்டைத் தீர்க்கிறது, அவ்வளவுதான். உலகின் வேகமான கணினிகளின் டாப்500 பட்டியலையே அதை வைத்துத்தான் போடுகிறார்கள். ஆனால் அது பிராசஸரை முழுசாகப் பயன்படுத்துகிற கணக்கு. உங்கள் மாணவர்களின் நிரல்கள் அப்படி இருக்காது, மெமரியிலிருந்து தரவு வருவதற்காகக் காத்துக்கொண்டேதான் பாதி நேரம் போகும். அதைக் காட்டுகிற சோதனை எச்பிசிஜி. ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டர் லின்பேக்கில் 442 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்கு) எடுத்தது, எச்பிசிஜியில் 16 பெட்டாஃப்ளாப்ஸ்தான். 4 விழுக்காடுகூட இல்லை, அப்படியும் எச்பிசிஜி பட்டியலில் பல வருடம் அதுதான் முதலிடத்தில் இருந்தது. உங்கள் கிளஸ்டரில் இது எவ்வளவு வருகிறது என்று ஓட்டிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது, 16 நோடும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒவ்வொரு நோடிலும் தனித்தனியாக லின்பேக்கும், மெமரி வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீமும் ஓட்டி, வந்த எண்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கும், ஒன்றிரண்டு மட்டும் கீழே தொங்கும். அந்த ஒன்றிரண்டுதான் உங்கள் வேலை. நான் இருந்த மையத்தில் ஒரு நோடு ஸ்ட்ரீமில் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைவாக வந்தது, லின்பேக்கில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு மெமரிக் குச்சி பாதிதான் இறங்கியிருக்கிறது, அந்தப் பக்கக் கிளிப் திறந்தே நிற்கிறது. ஒரு சேனல் முழுக்கக் காணாமல் போயிருந்தது. அழுத்தி உட்கார வைத்ததும் எண் வந்துவிட்டது. 16 நோடில் ஒரே ஜாப் (ஒருவர் ஓட்டக் கொடுத்த கணக்கு) ஓடும்போது மற்ற 15 நோடும் இந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும், ஓட்டுகிற மாணவருக்குக் காரணமே தெரியாது.


மேலமாசி வீதி:

கேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஃபினிபேண்ட் கேபிள் முழுசாகச் செத்துப்போனால் கண்டுபிடித்துவிடலாம். அரைகுறையாக இருந்தால்தான் தொல்லை, லிங்க் இருக்கும், ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். இரண்டிரண்டு நோடாகச் சேர்த்து எல்லா ஜோடிக்கும் தாமதம், தரவு போகும் வேகம் இரண்டையும் அளந்துவிடுங்கள், ஓஎஸ்யூ சோதனைத் தொகுப்பு இலவசம்தான். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் போர்ட்டுகளின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள், ஒரு போர்ட்டில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனால் அந்தக் கேபிளை மாற்றச் சொல்லுங்கள்.


அண்ணாநகர்க்காரர்:

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். இவ்வளவும் பெரிய மையங்களுக்குச் சரி. 16 நோடு பெட்டிக்கு மாதக்கணக்கில் சோதனை ஓட்டினால் அந்த நேரமெல்லாம் வாரண்டியில் கழிகிறது. வாங்கிய அன்றிலிருந்தே இந்த இயந்திரங்களுக்கு வயதாகத் தொடங்கிவிடும், 5 வருடத்தில் பழசு என்று தள்ளிவிடுவோம். அங்கே ஒரு பிஎச்டி மாணவர் ஜாபைப் போட முடியாமல் ஒரு செமஸ்டரைத் தொலைக்கிறார். திறந்துவிடுங்கள், கோளாறுகளைப் பயனர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். எந்தச் சோதனைத் தொகுப்பும் மாணவர்கள் அளவுக்கு ஒரு இயந்திரத்தைப் படுத்தாது.


பழைய ரேக்:

கடைசி வரியில் முழுசாக ஒத்துப்போகிறேன். ஆனால் கண்டுபிடிக்கிற மாணவருக்கு, தான் கண்டுபிடித்தது இயந்திரக் கோளாறு என்று தெரிய வேண்டுமே. தன் நிரலில்தான் தப்பு என்று நினைத்து மாசக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல், ஜாப் நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, தப்பான விடையோடு ஒழுங்காக ஓடி முடிந்தால்?

2003-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 பவர் மேக் கணினிகளைச் சேர்த்து ஒரு கிளஸ்டர் கட்டியது. டாப்500-ல் 3-ஆம் இடம் பிடித்தது, உலகமே பேசியது. ஆனால் அந்த இயந்திரங்களில் பிழை திருத்தும் ஈசிசி மெமரி கிடையாது. அத்தனை மெமரி ஒன்றாக ஓடும் இடத்தில் அங்கங்கே ஒரு பிட் புரண்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த வருடமே மொத்தத்தையும் கழற்றிவிட்டு ஈசிசி உள்ள சர்வர்களாக மாற்றிக் கட்டினார்கள். லின்பேக்கில் உலகத்தில் மூன்றாவதாக வந்த இயந்திரம் அது.

உங்களிடம் ஈசிசி மெமரிதான் இருக்கும். திருத்தப்பட்ட பிழை எத்தனை என்று ஒவ்வொரு நோடும் கணக்கு வைத்திருக்கும், அதைத் தினமும் ஒரு ஸ்கிரிப்ட் படித்து வைக்கட்டும். ஏதோ ஒரு நோடில் மட்டும் அது நாளுக்கு நாள் ஏறினால் அந்த மெமரி போகப்போகிறது என்று அர்த்தம். எலக்ட்ரானிக் சாமான்கள் அதிகம் பழுதாவது ரொம்பப் புதுசாக இருக்கும்போதும் ரொம்பப் பழசான பிறகும்தான். ஆரம்பத்தில் போகிறதெல்லாம் நம் கண் முன்னால், வாரண்டிக்குள், யாருடைய ஆய்வும் அதில் மாட்டாத நேரத்தில் போகட்டும் என்றுதான் இரவு பகலாகச் சூடேற்றி ஓட்டுகிறோம்.

பெரிய மையங்களையும் சும்மா ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஃப்ரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டர் 2022 மே மாத டாப்500 பட்டியலில் 1.102 எக்ஸாஃப்ளாப்ஸோடு (1,102 பெட்டாஃப்ளாப்ஸ்) முதலிடத்துக்கு வந்தது. எல்லாப் பயனர்களுக்கும் முழுசாகத் திறந்தது 2023-ல். அங்கேயே ஆர்கான் ஆய்வகத்தின் அரோராவில் 10,624 பிளேடுகளையும் (மெல்லிய சர்வர் பலகைகள்) 2023 ஜூனில் பொருத்தி முடித்தார்கள், ஆய்வாளர்களுக்குத் திறந்தது 2025 ஜனவரியில். ஆனால் நடுவில் இருந்த அந்த மாதங்களில் இயந்திரத்தைப் பூட்டி வைக்கவில்லை. தேர்ந்தெடுத்த சில ஆய்வுக் குழுக்களை முன்கூட்டியே உள்ளே விட்டார்கள், அவர்களுடைய சொந்த நிரல்களை ஓட்டியும் கோளாறுகள் வெளியே வந்தன. 16 நோடுக்கு அதைச் சில வாரத்தில் செய்துவிடலாம். நீங்கள் கேட்கிற சீக்கிரமும் இதில் வந்துவிடுகிறது.


வேதிக்கூடம்:

பயனர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மூலக்கூறு இயக்கத்தில் ஆய்வு, தினமும் அதற்கான க்ரோமாக்ஸ் மென்பொருள்தான். பழைய ரேக் சார் சொல்வது அப்படியே எனக்கு நடந்திருக்கிறது. ஒரு புது கிளஸ்டரில் கணக்குக் கிடைத்ததும் ஆசையாக ஜாபைப் போட்டேன், எங்கள் லேப் ஒர்க்ஸ்டேஷனைவிட மெதுவாக ஓடியது. இன்புட்டை மாற்றிப் பார்த்தேன், கட்-ஆஃபை மாற்றிப் பார்த்தேன், கைடு என்னையே சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் ஜாப் ஓடும்போதே அந்த நோடுக்குள் நுழைந்து டாப் (என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு கோர் 100 விழுக்காட்டில் திணறுகிறது, மற்ற எல்லாக் கோரும் சும்மா இருக்கிறது. என் நிரலின் த்ரெட் (இணையாக ஓட வேண்டிய பிரிவுகள்) எல்லாமும் அந்த ஒரு கோரில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வைத்திருந்த அமைப்பு அப்படி, ஒரு ஜாபுக்கு ஒரு கோர் என்று கட்டிவிட்டிருக்கிறார்கள். ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்ததும் பறந்தது. அந்த வரி அங்கே இருந்த எந்தக் கையேட்டிலும் இல்லை.

அதனால் பரங்குன்றத்தான் அண்ணா, உங்கள் கல்லூரியில் எந்த மென்பொருள் அதிகம் ஓடுமோ அவற்றை நீங்களே அந்த இயந்திரத்துக்கென்று கம்பைல் செய்து, பயனர்கள் ஒரு கட்டளையில் எடுத்துக்கொள்ளும் மாட்யூலாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாக ஓடுகிற ஒரு மாதிரி ஜாப் ஸ்கிரிப்ட் வையுங்கள். மென்பொருளை நிறுவித் தரும் ஸ்பேக் கருவி இருந்தால் இந்த வேலை பாதியாகும். வேகம் பார்த்தால் மட்டும் போதாது, விடையையும் பாருங்கள். நம்பகமான பழைய இடத்தில் ஓட்டிய ஒரு கணக்கைப் புது இடத்தில் திரும்ப ஓட்டி, ஆற்றலும் அடர்த்தியும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகிறதா என்று. எங்களை மாதிரி இரண்டு மூன்று பேரைத் திறப்பு விழாவுக்கு முன்னாலேயே கூப்பிடுங்கள், சந்தோஷமாக வந்து உடைத்துப் பார்ப்போம்.


ஏசி மெக்கானிக்:

ஐயா, கணக்கு போடுகிற விஷயம் எனக்குத் தெரியாது, சர்வர் அறைகளுக்குக் குளிரூட்டும் வேலை பார்க்கிறேன். ஒரே கேள்வி. லின்பேக்கோ என்னவோ, அதை எத்தனை மணிக்கு ஓட்டினார்கள்? நம் ஊரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது, மொட்டை மாடியில் வைத்த அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி இன்னும் மேலே. ராத்திரி ஓட்டிவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பகல் இரண்டு மணிக்கு முழு லோடில் ஓட்டச் சொல்லுங்கள், சாயங்காலம்வரை நிறுத்தாமல்.

சும்மா ஒரு கணக்கு: ஒரு நோடு 750 வாட் என்று வைத்தால் 16 நோடுக்கு 12 கிலோவாட், ஜிபியூ நோடு ஒவ்வொன்றும் 2 கிலோவாட் என்றால் மொத்தம் 16. அவ்வளவும் அறைக்குள் சூடாகத்தான் வரும். ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் சூட்டைத்தான் வெளியேற்றும், அப்படியானால் கிட்டத்தட்ட 5 டன் இதற்கே போய்விடும், சுவர் வழியாக வரும் வெயில் தனி. அதுக்கு மேலே ஒரு யூனிட் உபரியாக இருக்க வேண்டும், ஒன்று சர்வீஸுக்கு நின்றாலும் மற்றது தாங்கணும்.

அப்புறம் மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். இதைச் செய்ய எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் செய்தே ஆகணும். நிறைய இடத்தில் யுபிஎஸ் சர்வருக்கு மட்டும் கொடுத்திருப்பார்கள், ஏசிக்கு இருக்காது. கரண்ட் போனதும் சர்வர் எல்லாம் ஜம்மென்று ஓடும், ஏசி நின்றிருக்கும், ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமானால் சில நிமிடத்தில் அறை அடுப்பாகிவிடும். கரண்ட் திரும்பி வந்த பிறகும் ஏசி தானாக ஸ்டார்ட் ஆகிறதா, இல்லை யாராவது போய் ரிமோட்டை அமுக்க வேண்டுமா, அதையும் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்டை எடுப்பார்கள், அன்றைக்கு யார் பொறுப்பு என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.


பழைய ரேக்:

ஏசி மெக்கானிக் அண்ணே, நூற்றுக்கு நூறு. சிப் சூடானால் அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது, மாணவருக்குத் தெரிவதெல்லாம் காலையில் ஓடிய ஜாப் மதியம் மெதுவாக ஓடுகிறது என்பது மட்டும்.

இதே மாதிரி வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க வேண்டியது இன்னும் உண்டு. ஒவ்வொரு நோடிலும் இரண்டு பவர் கார்டு இருந்தால் ஒன்றைப் பிடுங்குங்கள். ஸ்டோரேஜில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்கை உருவுங்கள், உங்கள் போனுக்கோ மெயிலுக்கோ தகவல் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். ஜாப் ஓடும் நோடை அணையுங்கள், ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருள் அந்த நோடை ஒதுக்கி வைத்து, ஜாபைத் திரும்ப வரிசையில் சேர்க்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் கம்பெனி ஆள் பக்கத்தில் நிற்கும்போது செய்யுங்கள், கையெழுத்துக்கு முன்னால்.


நாகமலை:

பேக்கப்பை யாருமே சொல்லவில்லையே. 2021 டிசம்பரில் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் நடந்ததை எல்லோரும் படிக்க வேண்டும். 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்துபோயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன, அதில் 4 குழுக்களுக்குத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை. அழித்தது வைரஸும் இல்லை, திருடனும் இல்லை, பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட். ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்டின் மேலேயே திருத்திய புதுப் பதிப்பை எழுதிவிட்டார்கள். பாதியில் ஸ்கிரிப்ட் மாறினதால் டைரக்டரி பெயர் இருக்க வேண்டிய மாறி வெறுமையாகிவிட்டது, பழைய லாக் கோப்புகளை அழிக்க வேண்டிய கட்டளை பயனர்களின் கோப்புகளை அழித்துக்கொண்டு போனது.

அதனால் பேக்கப் எடுக்கிறோம் என்பதோடு நிறுத்தாமல், ஒரு சோதனைக் கணக்கின் கோப்புகளை அழித்துவிட்டுத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எது பேக்கப்பில் வரும், எது வராது என்பதை லாகின் செய்ததும் கண்ணில் படுகிற இடத்தில் தமிழிலும் எழுதுங்கள். ஸ்க்ராட்ச் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் வைத்தது பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தான் நிறைய பேர் தீசிஸை அதிலேயே வைத்திருக்கிறார்கள்.


பரங்குன்றத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தாமதமாக வருவதற்குக் காரணம், சொன்னதை எல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தோம். முதல்வரிடம் இந்தப் பேச்சை அப்படியே அச்செடுத்துக் காட்டினேன், விழாவைத் தள்ளி வைக்கச் சம்மதித்துவிட்டார்.

நோடு வாரியாக ஓட்டியதில் இரண்டு நோடு கீழே தொங்கின. ஒன்றில் பயாஸ் அமைப்பு மற்றவற்றிலிருந்து வேறாக, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் முறையில் இருந்தது. இன்னொன்றில் மெமரிப் பிழை ஏறிக்கொண்டே போகிறது, மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெயினை இறக்கிப் பார்த்ததில் ஏசி மெக்கானிக் அண்ணன் சொன்னது அச்சு அசலாக நடந்தது, ஏசி யுபிஎஸ்ஸில் இல்லை, கரண்ட் வந்த பிறகு தானாகவும் எழவில்லை. எலக்ட்ரீஷியன் அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

மூன்று துறையிலிருந்தும் ஆளுக்கு ஒருவரை முன்கூட்டியே உள்ளே விட்டிருக்கிறோம், எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் அழிப்போம் என்று எழுதி வாங்கிக்கொண்டு. இதில் சிவில் மாணவர் ஒரு கேள்வி கேட்கிறார். டபிள்யூ.ஆர்.எஃப். மழை மாதிரியை ஒரே இன்புட்டோடு ஒரு நோடிலும் நான்கு நோடிலும் ஓட்டியிருக்கிறார், முதல் மணி நேரத்தில் கடைசி இலக்கங்கள் மட்டும் வேறாக இருந்தன, 48 மணி நேர முடிவில் ஆண்டிபட்டிப் பக்கம் மழை விழும் இடமே கொஞ்சம் தள்ளிப்போகிறது. இது கோளாறா, இயல்பா?


பழைய ரேக்:

அநேகமாக இயல்பு. கணினியில் தசம எண்களைக் கூட்டும்போது கூட்டுகிற வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். நோடு எண்ணிக்கை மாறினால் வரிசை மாறும், கம்பைலரின் வேகப்படுத்தும் அமைப்பு மாறினாலும் மாறும். மழை மாதிரியில் அந்தச் சின்ன வித்தியாசம் நேரம் போகப் போகப் பெருகும், வானிலைக் கணக்கின் குணமே அது. ஆனால் அநேகமாக என்று விட்டுவிட வேண்டாம். ஒரே நோடில், அதே பைனரியை, அதே அமைப்பில் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் எண் மாறினால் நிரலிலோ இயந்திரத்திலோ ஏதோ இருக்கிறது, நோடை மாற்றி மாற்றி ஓட்டிப் பிடிக்கலாம். மாறவில்லை என்றால் வேகப்படுத்தலைக் குறைத்துக் கம்பைல் செய்து நான்கு நோடில் ஒரு முறை பார்க்கட்டும். பிறகு ஒரு இடத்து மழையை வைத்து ஒப்பிடாமல், தொடக்க நிலையைத் துளி மாற்றிப் பல ஓட்டங்கள் ஓட்டி, இந்த வித்தியாசம் அந்தப் பரவலுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கலாம். நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், அவரைத் தொடர்ந்து உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓட்டிய சோதனைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரீஃப்ரேம் என்று ஒரு கருவி இருக்கிறது, சுவிஸ் மையம் ஒன்றில் எழுதியது, சோதனைகளையும் எதிர்பார்க்கும் எண்களையும் எழுதி வைத்தால் அதுவே ஓட்டி ஒப்பிட்டுச் சொல்லும். டிரைவர் அப்டேட் செய்தாலும் கரண்ட் போய் வந்தாலும் முதலில் அதை ஓட்டுங்கள், பிறகு கியூவைத் திறங்கள்.


அண்ணாநகர்க்காரர்:

ஏசி விஷயத்தைப் படித்ததும் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மூன்று பேரை உள்ளே விட்டது நல்லது, அதைப் பத்துப் பேராக்குங்கள், வேறு வேறு மாதிரி வேலை செய்கிறவர்களாக. பயோடெக் ஆட்களை இன்னும் அதிகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டிக் கோப்புகளை உருவாக்குவார்கள், ஸ்டோரேஜின் உண்மையான பலம் அப்போதுதான் தெரியும்.


பரங்குன்றத்தான்:

தெரிந்துவிட்டது சார்! நேற்று ஒரு மரபணுத் தொகுப்பு ஜாப் ஓடிய நேரத்தில் மற்றவர்களுக்கு எல்எஸ் (கோப்புப் பட்டியல் கேட்கும் கட்டளை) போட்டால்கூடப் பதில் வர யோசித்தது. தற்காலிகக் கோப்புகளை நோடுக்குள்ளேயே இருக்கும் எஸ்எஸ்டிக்குத் திருப்பிவிட்டோம், இப்போது பரவாயில்லை. ஒருவருக்கு இத்தனை கோப்புதான் என்று ஒரு வரம்பும் வைக்கப்போகிறோம். இரண்டு சந்தேகம் மிச்சம். ஜாபுக்கு நேர வரம்பு எவ்வளவு வைப்பது? ஸ்க்ராட்சில் 30 நாளில் அழிப்போம் என்றால் பயோடெக் மேடம் 60 நாள் வேண்டும் என்கிறார்.


வேதிக்கூடம்:

நேர வரம்பு முதலில் 24 மணி வையுங்கள் அண்ணா. க்ரோமாக்ஸ், டபிள்யூ.ஆர்.எஃப். எல்லாம் நின்ற இடத்திலிருந்து தொடரும், அதற்கான மாதிரி ஸ்கிரிப்ட்டை நான் எழுதித் தருகிறேன், தமிழில் விளக்கத்தோடு. வரம்பில்லாமல் விட்டால் இரண்டு பேர் மொத்தத்தையும் பிடித்துக்கொள்வார்கள், பராமரிப்புக்கு நிறுத்தவும் முடியாது.


பழைய ரேக்:

60 நாள் கொடுங்கள், ஆனால் ஸ்க்ராட்ச் 80 விழுக்காடு நிரம்பினால் 30 நாளாகச் சுருங்கும் என்று இப்போதே எழுதிவிடுங்கள். அழிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பட்டியலோடு மெயில் போகட்டும். அந்த அழிக்கிற ஸ்கிரிப்ட்டை முதலில் அழிக்காமல் பட்டியல் மட்டும் போடும்படி ஓட்டி, வேறு ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாற்று மெமரி வந்ததும் அந்த நோடில் முழுச் சோதனையையும் மறுபடி ஓட்டிவிட்டு எண்களை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.